கதவு திறந்த பிறகும் அம்மா வர மறுக்கிறார்

கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 62. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை, ஆறேழு ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு. மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் எல்லாம் நின்றுபோனது. பேருந்து இல்லை. வழக்கமாக ரத்தம் கொடுக்கும் லேப் பூட்டிக் கிடந்தது. ஜூன் மாதம் எப்படியோ ஒரு ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். வாசலில் மேசை போட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிவிட்டு, "சுகர், பிரஷர் எல்லாம் இப்போ பார்க்கிறதில்லைம்மா, அவசரம்னா மட்டும் வாங்க" என்றார்கள். அம்மா கயிற்றைப் பிடித்தபடியே நின்று, "இந்தச் சீட்டையாவது பாருங்க தம்பி" என்று மருந்துச் சீட்டை நீட்டினார். யாரும் கை நீட்டி வாங்கவில்லை.

அன்று முதல் அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார். இப்போது எல்லாம் திறந்துவிட்டார்கள். ஆனால் அம்மா வர மாட்டேன் என்கிறார். "கொரோனா வந்தவங்க மட்டும்தான் மனுஷங்களா? அன்னிக்குத் தேவைப்படாதவ இன்னிக்கும் தேவைப்பட மாட்டேன்" என்று பிடிவாதம். சென்ற வாரம் வீட்டுக்கே ஆளை வரவழைத்து ரத்தம் எடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை 9.6, கிரியாட்டினின் 1.1, ரத்த அழுத்தம் 158/92. இடது கண்ணில் மங்கல் என்கிறார். பாதம் மதமதவென்று இருக்கிறதாம். கிட்னி போய்விட்டதா டாக்டர்? இரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டோமா? எனக்கும் கோபம் தீரவில்லை. கோபப்படுவது தவறா? 2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தபோது எங்கள் ஊர் டாக்டர் மறுபடியும் "போனில் சொல்லுங்கள்" என்றார். இனியும் இப்படி நடந்தால் என்ன செய்வது?

— த.செ., பட்டுக்கோட்டை

பதில்:



உங்களை இரவில் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்வதற்கு நீங்கள் அனுப்பிய சோதனைத் தாளில் எதுவும் இல்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப் பொருள்) 1.1 என்பது அவருடைய வயதுக்குச் சற்றுக் கூடுதல்தான். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்பதற்கான குறிப்பு அது. ஆனால் ஒரே ஒரு சோதனையை வைத்து எந்த மருத்துவரும் முடிவு கட்ட மாட்டார். போதிய தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்திருந்தால்கூட இந்த எண் சற்று ஏறும். மூன்று மாத இடைவெளியிலும் அதே நிலை நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு என்றே நாங்கள் பெயர் வைப்போம்.

இரண்டாவது, 9.6 என்ற எண். ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 9.6 என்றால், அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை இத்தனை நாளும் சராசரியாக 229 என்ற அளவில் இருந்திருக்கிறது. அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது இறக்கக்கூடிய எண். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சி ஒவ்வொரு புள்ளி குறைவாக இருக்கும்போதும் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் (மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் கெடுவதால் வருபவை) 37 சதவீதம் குறைவாக இருந்ததாக அதன் தரவுகள் காட்டின. 9.6-லிருந்து 8.6-க்கு வந்தாலே அம்மாவுக்கு லாபம். இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனது உண்மை. மீதி ஆண்டுகள் நம் கையில்தான் இருக்கின்றன.

கோபப்படுவது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. அம்மா நீட்டிய மருந்துச் சீட்டை யாரும் கை நீட்டி வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த எந்த மருத்துவருக்கும் மனம் கனக்கும். ஆனால் அந்தக் கோபம் இன்று யாருடைய கண்ணையும் பாதத்தையும் பாதிக்கிறது என்று பாருங்கள். அன்று திருப்பி அனுப்பியவர்களுடையதை அல்ல. கோபத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது அம்மாவின் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அன்று ஏன் கதவுகள் மூடின?

இதைத் தெரிந்துகொண்டால் அம்மாவிடம் பேச உங்களுக்கு உதவும்.

2020 மார்ச்சில் கொரோனா கிருமியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் ஒன்று ஆரம்பத்திலேயே தெளிவாகிவிட்டது: வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் இது கடுமையாக வருகிறது. சர்க்கரை நோய்ப் புறநோயாளிப் பிரிவில் காலை எட்டு மணிக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்? இவர்கள்தான். காற்றோட்டம் குறைந்த கூடத்தில், தோளோடு தோள் இடிக்க, இரண்டு மூன்று மணி நேரம். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. முதல் சில வாரங்கள் கூட்டத்தைக் கலைத்தது உங்கள் அம்மாவைப் போன்றவர்களைக் காப்பாற்றவும்தான்.

அடுத்தது ஆட்கள். கொரோனா வார்டுக்கென்று தனி மருத்துவர்கள் வானத்திலிருந்து வரவில்லை. சர்க்கரை பார்த்தவர், கண் பார்த்தவர், எலும்பு பார்த்தவர் எல்லாரும் முறை வைத்து அங்கே போனார்கள். பணி முடிந்ததும் தனிமையில் இருந்தார்கள். சென்னை ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகள் கொரோனாவுக்காகவே ஒதுக்கப்பட்டன. இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் கேட்டறிந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட நாடுகளில் ரத்தக் கொதிப்புக்கான சேவை ஓரளவோ முழுவதுமோ தடைபட்டிருந்தது. நீரிழிவுக்கு 49 சதவீத நாடுகளில் அதே கதை. இந்த நோய்களுக்காக வேலை செய்துவந்த சுகாதாரத் துறை ஊழியர்களை 94 சதவீத நாடுகள் கொரோனா பணிக்கு மாற்றியிருந்தன.

தனியார் கிளினிக்குகளின் நிலை வேறு. ஒரே ஒரு மருத்துவர், அவருக்கே அறுபது வயதுக்கு மேல், உதவிக்கு ஒரு செவிலியர் என்று நடந்த சிறிய கிளினிக்குகள் ஏராளம். கவச உடை கிடைக்கவில்லை. வந்த நோயாளி ஒருவருக்குத் தொற்று உறுதியானால் இடத்தையே பூட்ட வேண்டியிருந்தது. லேப்களில் வேலை செய்த பிள்ளைகளில் ஊருக்குப் போனவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை. நோயாளிகளுக்கும் அதே நிலைதான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. மாவட்டங்களுக்கிடையே பேருந்து மாநிலம் முழுவதும் மறுபடி ஓடத் தொடங்கியது 2020 செப்டம்பர் 7-ஆம் தேதிதான்.

இரண்டாவது அலையில் நெருக்கடி வேறு விதமாக வந்தது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நின்ற நேரத்தில், கண்புரை அறுவை சிகிச்சையையும் மூட்டு அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போட்டதைக் குறை சொல்ல முடியாது.

இவை காரணங்கள். ஆனால் காரணம் இருந்ததால் நடந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இன்று அவசரமில்லாத சிகிச்சைக்கும் ஒரு கெடு உண்டு. உங்கள் பகுதி விவசாயிகளுக்கு இது நன்றாகவே தெரியும்: களையெடுப்பை ஒரு வாரம் தள்ளலாம், கதிர் வாங்கும் வரை தள்ள முடியாது. சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். ஒரு மாதம் தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் தள்ளினால் கண்ணின் பின்புறத்தில் சத்தமில்லாமல் ரத்தக் கசிவு தொடங்கிவிடலாம். சிகிச்சை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை உலகம் முன்பே பார்த்திருக்கிறது. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தார்கள். மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்காமல் போனதால் ஏறக்குறைய அதே அளவு உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பாடம் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தே இருந்தது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2019-ல் இந்தியாவில் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் பதிவானவர்கள் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. 187 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், ஊரடங்கு மாதங்களில் மாரடைப்பு என்று வந்து சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் மாரடைப்பு வராமல் போயிருக்காது. பலர் பயத்தில் வீட்டிலேயே வலியைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எனவே, அன்று அம்மாவை உள்ளே விடாததற்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் "இங்கே பார்க்க முடியாது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள், இன்ன இடத்தில் மாத்திரை கிடைக்கும், இத்தனை வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்ல ஒருவரை அந்த மேசையில் உட்கார வைத்திருக்கலாம். அது செலவில்லாத காரியம். அது நடக்காததுதான் குறை. அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் தேவையில்லாதவர் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவருக்கு வழி சொல்லும் கடமையில் எங்கள் தரப்பு தவறிவிட்டது.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் காரியம், பழைய சீட்டை இத்தோடு நிறுத்துவது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒரு நாள்கூட விடாமல் அதே மாத்திரைகளைத் தொடரட்டும். ஆனால் 2020 பிப்ரவரி உடம்புக்கு எழுதிய அளவு 2022 பிப்ரவரி உடம்புக்குப் பொருந்தாது. நோய் நகர்ந்துகொண்டே இருக்க, மருந்து அதே இடத்தில் நின்றுவிட்டது. அம்மாவின் எண்கள் ஏறியதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைக் கணக்கில்லாமல் கூட்டினால் தாழ்சர்க்கரை (சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வருவது) வந்துவிடும். "சர்க்கரை மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும்" என்று யாராவது சொல்லி, மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். மாத்திரை அளவைச் சிறுநீரகத்தின் திறனுக்கேற்ப மருத்துவர் சரிசெய்வார்.

இரண்டாவது, கண். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். காரணம் சொல்கிறேன். சர்க்கரை நீண்ட நாள் ஏறியிருந்து, பிறகு மிக வேகமாக இறக்கப்பட்டால், விழித்திரைப் பாதிப்பு (கண்ணின் உள்சுவரில் உள்ள நுண்குழாய்கள் கசிவது) ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சில காலம் அது மோசமாகலாம். அதனால் விழித்திரையின் நிலை தெரிந்த பிறகு, நிதானமாகச் சர்க்கரையை இறக்குவதே பாதுகாப்பு. இடது கண் மங்கலுக்குக் கண்புரையும் காரணமாக இருக்கலாம். சர்க்கரை ஏறியதால் கண்ணின் லென்ஸ் உப்பியிருக்கலாம். விழித்திரையும் காரணமாக இருக்கலாம். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அந்தச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகில் உள்ளது தெளிவாகத் தெரியாது. எனவே நீங்கள் கூடவே போங்கள். கண்ணாடிக் கடையில் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். சர்க்கரை நிலைக்கு வந்த சில வாரங்களில் பார்வை அளவே மாறக்கூடும்.

மூன்றாவது, சிறுநீரகம். கிரியாட்டினினை மட்டும் நம்பாமல், சிறுநீரில் அல்புமின் (சிறுநீரகம் வெளியே விடக்கூடாத ஒரு புரதம்) எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிட்டுத் தரும் அந்தக் கணக்கு 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே இருந்தாலும், அதைக் குறைத்துச் சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் இருக்கின்றன. மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இருந்தால் அவற்றை உடனே நிறுத்திவிடுங்கள். நாட்டு மருந்து, பொடி, லேகியம் எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான்காவது, பாதம். மதமதப்பு என்பது நரம்பு உணர்வு குறைவதன் அடையாளம். உணர்வு குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்தி, உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பார். இரண்டு நிமிட வேலை. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: தினமும் இரவில் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கழுவியபின் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பரில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்வது) வாங்கிக் கொடுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, பாதத்துக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் கூடவே கூடாது.

ஐந்தாவது, ரத்த அழுத்தம். 158/92 என்பது ஒரு நாள் அளவு. முழங்கைக்கு மேல் பட்டை கட்டும் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதிய நோட்டைக் கொண்டுபோனால், அவருடைய மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் வேறில்லை. வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். இதோடு ஓர் இசிஜியும் (இதயத் துடிப்பின் மின்பதிவு) எடுத்துவிடுங்கள்.

ஆறாவது, கொரோனா தடுப்பூசி. இரண்டு தவணையும் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்த, 60 வயது கடந்த இணைநோய் உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை போட்டார்கள். அம்மா அதைப் போடவில்லை என்றால், இப்போது தேவையா என்று கண் பரிசோதனைக்குப் போகும் அதே வாரத்தில் மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

அம்மாவை எப்படி அழைத்து வருவது?

அதட்டி அழைத்து வர முடியாது. பயமுறுத்தியும் வேண்டாம். "கண்ணு போயிடும், காலை எடுத்துடுவாங்க" என்று சொன்னால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார். அன்று அந்த வாசலில் அவருக்கு என்ன தோன்றியது என்று ஒரு முறை அவரையே பேச விட்டுக் கேளுங்கள். குறுக்கே நியாயம் சொல்லாதீர்கள். அதுவரை பல ஆண்டுகள் சொன்னபடி மருந்து சாப்பிட்டு, சொன்ன நாளில் வந்து நின்றவர் அவர். தன் பங்கைச் சரியாகச் செய்தவரைத் திருப்பி அனுப்பினால் அவமானமாகத்தான் இருக்கும்.

பிறகு, மருத்துவரிடம் நீங்கள் முன்கூட்டியே ஒரு முறை பேசிவிடுங்கள். "அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள், அதிலிருந்து வர மறுக்கிறார்" என்று சொன்னால், நல்ல மருத்துவர் எவரும் முதல் வார்த்தையிலேயே அதை விசாரிப்பார். கூட்டம் குறைந்த நேரம் எது என்று கேட்டு அப்போது அழைத்துப் போங்கள். பழைய இடத்துக்கு வரவே மனமில்லை என்றால் வேறு மருத்துவமனை, வேறு மருத்துவர் என்று மாற்றுவதில் தவறே இல்லை. அம்மா சிகிச்சைக்குத் திரும்புவதுதான் முக்கியம், எந்த வாசல் வழியாக என்பதல்ல.

உங்கள் கோபத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். நடந்ததைத் தேதியோடு, சுருக்கமாக, அந்த மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். அரசு மருத்துவமனை என்றால் உங்கள் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். திட்ட வேண்டாம். "அடுத்த முறை வாசலில் வழி சொல்ல ஒருவரை நிறுத்துங்கள்" என்று கேளுங்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் வந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச முடியும்.

மறுபடியும் கதவு மூடினால்?

போனில் ஆலோசனை என்பதைத் தட்டிக்கழிப்பாக நினைக்காதீர்கள். 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசு தொலைமருத்துவ ஆலோசனைக்கு விதிமுறை வெளியிட்டு, மருத்துவர்கள் போன் வழியாகவும் வீடியோ வழியாகவும் மருந்து எழுத வழி செய்தது. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமில்லாமல் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தத் தயாராக இருக்க வேண்டும். பேசுவதற்கு முன் மாத்திரை அட்டைகளின் படம், ஒரு வார ரத்த அழுத்த அளவு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த சர்க்கரை அளவு, கடைசியாக எடுத்த சோதனைத் தாள் ஆகியவை கையில் இருந்தால், மருந்தைச் சரிசெய்யும் வேலையைப் போனிலேயே பெரும்பாலும் முடித்துவிடலாம். கண்ணையும் பாதத்தையும் மட்டும் போனில் பார்க்க முடியாது. அவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தப் பெருந்தொற்றில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த நல்ல காரியம் இது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லி அம்மாவின் பெயரைப் பதிந்து வையுங்கள். மாத்திரை வீடு தேடி வந்தாலும் வருடாந்தரக் கண், சிறுநீரக, பாதப் பரிசோதனைக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு தாளில் அம்மாவின் நோய்கள், மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசிச் சோதனை எண்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். இரண்டாவதாகப் போகக்கூடிய ஒரு மருத்துவமனையை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது "இப்போது பார்க்க முடியாது" என்றால், "அப்படியானால் எங்கே, எப்போது, யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பதில் வாங்காமல் நகராதீர்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சில அறிகுறிகளுக்கு எந்த ஊரடங்கும் தடையில்லை: நெஞ்சில் பாரம் அல்லது மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், ஒரு கண்ணில் திரை விழுந்தது போலப் பார்வை மறைதல், பாதத்தில் சீழ் வைத்த அல்லது கறுத்த புண், வாந்தியோடு சர்க்கரை 300-க்கு மேல் இருத்தல், நினைவு தடுமாறுதல். இவற்றில் எது வந்தாலும் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். 2020-ல் உச்சகட்ட ஊரடங்கிலும் 108 ஓடியது, அவசர சிகிச்சைப் பிரிவுகள் திறந்திருந்தன. பயத்தில் வராமல் இருந்தவர்களில் பலரை நாம் இழந்தோம்.

மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 8-க்கு அருகில் வந்தால் போதும். அதன்பின் மெல்ல 7-ஐ ஒட்டிக் கொண்டுவரலாம். அவசரம் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். கண் பரிசோதனை அறிக்கையும் சிறுநீர் அல்புமின் முடிவும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அம்மாவின் மாத்திரைகளின் பெயரையும் அதில் சேர்த்து அனுப்புங்கள். அவருடைய மருத்துவரிடம் அடுத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.